திங்கட்கிழமை வந்த பதில்

என் பிரிவு உபசார விழாவில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் தியாகதுருகம் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். விடவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு பழைய பக்கத்தைப் போட்டார்கள். “இது நம்ம கோமதி மேடம் ஓட்டின விவாதம். இன்னிய வரைக்கும் இத யாரும் தாண்டல” என்று மைக்கில் ஒருவர் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மேடம், ஒரு விவாதம் இப்படி ஓடணும்னா இன்னா பண்ணணும்? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றாள். கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயமா அது? “அப்புறம் சொல்றேம்மா” என்று நழுவிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு யார் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டையும் முடித்துவிட்டு, படித்த இன்ஸ்டிட்யூட்டிலேயே டீச்சராக வருடக்கணக்கில் குப்பை கொட்டியவள் நான். கம்ப்யூட்டர் வந்தது, இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டினார்கள். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே, தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு போர்டு தொங்கியது. ஏறிப் போய்க் கேட்டேன். நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்றார்கள், அடித்துக் காட்டினேன், மறுநாளே வரச் சொன்னார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அது சென்னையில் இருந்த ஓர் இணையதளத்தின் கிளை. அதில் ஒரு மன்றம் உண்டு. யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வி போடலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். ஒரு கேள்வியும் அதன் கீழே சேருகிற பதில்களும் சேர்ந்ததற்குத் திரி என்று பெயர். எழுதினவுடன் எதுவும் வெளியே தெரியாது. முதலில் எங்களிடம் வரும்; எந்த வட்டாரத்துக் கேள்வியோ அந்த வட்டாரக் கிளைக்குத்தான் அதன் திரி சொந்தம். எங்கள் திரையில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் மூன்று பொத்தான்கள் இருக்கும்: விடு, நீக்கு, நிறுத்து. கெட்ட வார்த்தை இருந்தால் நீக்கு. சந்தேகம் இருந்தால் நிறுத்து, பிறகு பார்த்து விடலாம். மற்றதெல்லாம் விடு. கேட்பதற்கு மாடு மேய்க்கிற வேலை மாதிரிதான் இருக்கும். நானும் முதல் ஒரு மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் மேலாளர் வரதராசன் சார் எலவனாசூர்கோட்டைக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் வந்ததும் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார். பிறகு சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்குப் போய், முந்தின நாள் எந்தக் கிளையின் திரிக்கு எத்தனை பதில் என்று சிவப்பு மையில் வரிசையாக எழுதுவார். சென்னை, கோவை, மதுரை எல்லாம் மேலே இருக்கும். கள்ளக்குறிச்சி கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கும். எழுதி முடித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவரிடம்தான் தொழில் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் என் நாற்காலி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் பெருமையாக நினைத்திருந்த ஒரு திரியைக் காட்டினார். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு மருந்து கேட்டிருந்தார் ஒருவர். முதல் பதிலிலேயே இன்னொருவர் அளவு முதற்கொண்டு சரியாகச் சொல்லிவிட்டார். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“எத்தன பதில் வந்துதும்மா?”

“ரெண்டு சார்.”

“ஏன் ரெண்டோட நின்னுது?”

“அதான் சரியான பதில் கெடச்சிடுச்சே சார்.”

“ஆங். அதத்தான் சொல்றேன். சரியான பதில் வந்தா திரி செத்துடும்மா. அது வரும், வர வேணாம்னு நம்ம சொல்லல. கொஞ்சம் பொறுத்து வரட்டும். அதுக்குத்தான் அந்த மூணாவது பொத்தான்.”

இதுதான் எங்கள் தொழில் ரகசியம், அந்தப் பெண் கேட்டதற்குப் பாதிப் பதில். மீதிப் பாதி இன்னும் அசிங்கம். கேள்விக்கு முதலில் வருகிற பதில் தப்பாக இருக்க வேண்டும். தப்பைப் பார்த்தால் தமிழனுக்குக் கை சும்மா இருக்காது. பிழை திருத்த நாலு பேர் வருவார்கள், அந்த நாலு பேரைத் திருத்த நாற்பது பேர். தப்பான பதில் தானாக வராவிட்டால் நாங்களே எழுதிப் போடுவோம். அதற்காக என்னிடம் மூன்று பொய்ப் பெயர்கள் இருந்தன. அதில் ‘பழைய வாத்தியார்’ ரொம்பப் பிரபலம். எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவார், எதுவும் தெரியாது. அவரைத் திட்டுவதற்கென்றே தினமும் வருகிறவர்கள் இருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற தியாகதுருகத்துப் பொம்பளைதான் அந்த வாத்தியார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

மத்தியக் கல்லூரிகளில் இடஒதுக்கீடு கூடாது என்று டில்லியில் டாக்டர் படிப்புப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு ரோட்டைப் பெருக்கிப் போராடிக்கொண்டிருந்த சமயம் அது. இங்கே பெட்டிக்கடையிலும் பஸ்ஸிலும் அதே பேச்சு. மன்றத்தில் இடஒதுக்கீடு என்ற வார்த்தை தலைப்பில் இருந்தால் போதும், சண்டைக்கு ஆள் பஞ்சமே இல்லை. மற்ற கிளைகள் அதில் குளிர் காய்ந்தன. எங்களுக்கு மட்டும் ஒன்றும் வாய்க்கவில்லை.

அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் எழுதினாள். மன்றத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் ‘தேனடை’. ஊர் கரியாலூர் பக்கம் ஒரு மலைக்கிராமம். பிளஸ் டூவில் ஆயிரத்துப் பதினாறு மார்க். விவசாயப் பட்டப்படிப்புக்கு மனு போட்டிருக்கிறாள். பழங்குடி என்ற சான்று இருந்தால் நிச்சயம் இடம் கிடைக்கும். அந்தச் சான்றைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர், அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. அதனால் நேரில் விசாரித்த பிறகுதான் கொடுப்போம் என்கிறார்கள். மனு வரிசையில் இருக்கிறது. கலந்தாய்வுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. தலைப்பு: ‘சாதிச் சான்று சீக்கிரம் வாங்க வழி சொல்லுங்க.’

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒரு பதில் வரவில்லை. வழி தெரிந்தவன் மன்றத்துக்கு வருவதில்லை, வருகிறவனுக்கு வழி தெரியாது. சனிக்கிழமை காலையில் நான் தலைப்பை மாற்றினேன்; அந்த அதிகாரமும் எங்களுக்கு உண்டு. ‘மலையில் பிறந்தால் போதுமா? மார்க் வேண்டாமா?’ என்று போட்டேன். போட்ட கையோடு பழைய வாத்தியாரைக் கூப்பிட்டு, மலைப்பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் சீட் நிச்சயம் என்று வாய் கூசாமல் எழுத வைத்தேன். நாலு பேர் கண்ணில் பட்டால் அவளுக்கும் வழி கிடைக்கும் என்றுதான் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூசி மெழுகுவதற்கு எனக்கு நன்றாகவே வரும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதிவுகள் கொட்டின. ஒரு பக்கம் திறமை போச்சு என்றார்கள், இன்னொரு பக்கம் மூவாயிரம் வருடம் போச்சு என்றார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் மணிக்கொரு தரம் எழுதினார். அவளுக்காகப் பரிந்து பேசினவர்களும் அவள் கேள்வியைப் படிக்கவில்லை. நடுநடுவே அவள் வந்து, “அண்ணா, நான் மார்க் வாங்கியிருக்கேன். சான்றுக்கு யாரப் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க அண்ணா” என்று எழுதினாள். அவள் ஒரு வரி எழுதினால் கீழே நூறு பதில் வரும். “அந்தப் பொண்ணு எழுதறத மட்டும் ஒடனே உட்டுடுங்கம்மா” என்றார் சார்.

திங்கட்கிழமை காலை பலகையில் கள்ளக்குறிச்சியை முதலிடத்தில் எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சென்னையிலிருந்து என் பெயரைப் போட்டுப் பாராட்டு மெயில் வந்தது. என் வாழ்க்கையில் என் பெயரைப் போட்டு வந்த முதல் பாராட்டு அது. தலைகால் புரியவில்லை எனக்கு.

அன்றைக்குப் பத்தரை மணிக்குத்தான் அந்தப் பதில் வந்தது. எழுதியவர் உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர். அதுவரைக்கும் மன்றத்தில் ஒரு வரி எழுதாதவர். சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார்: “பாப்பா, வர்ற புதன்கிழமை உங்கள் மலையிலேயே, வெள்ளிமலையில் சான்றிதழ் முகாம். கோட்டாட்சியர், ஆய்வாளர், கிராம அலுவலர் மூவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அப்பா கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது சான்று இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போ. அங்கேயே விசாரித்து அங்கேயே கொடுப்பார்கள். காலை பத்து மணிக்கே போய்விடு. இதை விட்டால் அடுத்த முகாம் எப்போது என்று சொல்ல முடியாது.”

அதற்கு மேல் அந்தக் கேள்வியில் கேட்க ஒன்றும் இல்லை. என் விரல் தானாக மூன்றாவது பொத்தானுக்குப் போயிற்று. நிறுத்து.

மறுநாள் செவ்வாய். பதினோரு மணிக்கு டீ குடிக்கக் கீழே இறங்கினேன். எந்த இடத்திலிருந்து எழுதுகிறார்கள் என்பது எங்கள் திரையில் ஓரளவு தெரியும். தேனடையின் பதிவுகள் எல்லாம் எங்கள் தெருவிலேயே இருந்த பிரௌசிங் சென்டரிலிருந்து வந்துகொண்டிருந்தன. உறுப்பினர்கள் யாரையும் நேரில் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு உண்டு. இருந்தும் கால் அங்கே போயிற்று. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

ஓரத்துக் கம்ப்யூட்டரில் பச்சைத் தாவணி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திரையில் என் தலைப்பு. ஒவ்வொரு பதிலாகத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பின்னால் அவளுடைய அப்பா ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கேட்பதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

“மலையிலேந்து வந்து ஆறு நாளு ஆச்சும்மா. சொந்தக்காரங்க வூட்ல தங்கிகினு தெனமும் ஆபீசுக்கு நடக்கறோம். இதுல எழுதிப் போட்டா வழி சொல்வாங்கன்னு பொண்ணு சொல்லிச்சி. முன்னாடி ஒருத்தரும் எழுதலியாம். இப்ப ஆயிரம் பேருக்கு மேல எழுதியிருக்காங்களாம்.” குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. அவ்ளோ பேரும் நமக்குத்தான் வழி சொல்றாங்களா?”

அந்தப் பெண் திரும்பாமலேயே, “சொல்லிகினுதான் இருக்காங்கப்பா” என்றாள்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வெள்ளிமலைக்குப் போங்க என்று நாலு வார்த்தை. அதற்கு எந்தப் பொத்தானும் வேண்டாம். “சொல்லுவாங்க, இருங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டீ குடிக்கவில்லை. நேராக மேலே போய் சாரிடம், “சார், நாளைக்கு முகாமாம். அந்த ரிட்டயர்டு ஆளு எழுதினத விட்டுடலாமா?” என்று கேட்டேன்.

அவர் வெந்நீரை ஊதினார். “முகாமுன்னா மலைபூராத் தண்டோரா போட்டிருப்பாங்கம்மா. மலையில இருக்கறவங்களுக்கு மலையில நடக்கறது தெரியாதா? நம்மள நம்பிகினா சர்ட்டிபிகேட் வாங்கப் போறாங்க? ஒரே ஒரு நாளும்மா. நாளைக்கு சாயங்காலம் நீங்களே விட்டுடுங்க.”

அவர்கள் மலையில் இல்லை சார், நம்ம தெருவில் நிற்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், நீ எதற்கு அங்கே போனாய் என்ற கேள்வி வரும். அந்தப் பயம் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அது இல்லை. பலகையில் என் திரி முதலிடத்தில் இருந்தது. இன்னும் ஒரு நாள் அது அங்கேயே இருக்கட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அந்த ஆசைதான்.

புதன்கிழமை முழுவதும் பதிவுகள் கொட்டின. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பதிலை விட்டேன். வெள்ளிமலையில் முகாம் முடிந்து மேசை நாற்காலியை எடுத்திருப்பார்கள். நான் விட்ட பதிலைப் பார்த்துவிட்டு “அருமை ஐயா”, “பயனுள்ள தகவல்” என்று ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். அதோடு திரி படுத்துவிட்டது. சார் சொன்னது அப்படியே பலித்தது. வெள்ளிக்கிழமை பலகையில் மதுரை முதலிடத்துக்கு வந்துவிட்டது.

சில வருடம் கழித்து ஆபீசில் எல்லோரும் கரியாலூருக்கு அருவி பார்க்கப் போனோம். மற்றவர்கள் குளிக்கப் போனதும் நான் ரோட்டோரக் கடையில் உட்கார்ந்தேன். பின்னால் சாமைக் கொல்லை, அறுப்புக்கு நின்றது. கடைக்காரம்மாவிடம், இந்தப் பக்கத்தில் ஆயிரத்துப் பதினாறு மார்க் வாங்கின பெண் ஒன்று இருந்ததே என்று கேட்டேன்.

“அதுவா? காப்பி பறிக்கக் குடகுக்குப் போயிட்ச்சே, அப்பங்கூட. கட்டிக் குடுத்ததும் அங்கியே வேல செய்யற பையனுக்குத்தான்.” டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். “சர்டிபிகேட்டு வந்துச்சி, வராம இல்ல. ரெண்டு மாசம் கழிச்சி வந்துச்சி. சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருந்தாங்க. நீ இன்னா, அந்தப் பொண்ணுக்கு டீச்சரா?”

“ஆமா” என்றேன். பழைய வாத்தியார் நான்தானே.

பிரிவு உபசாரத்துக்கு வரதராசன் சார் சென்னையிலிருந்து வந்திருந்தார். இப்போது பெரிய பதவி. தலை நரைத்துவிட்டது, குரல் அதே குரல். சால்வை போர்த்தியதே அவர்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எந்த ஊரிலும் முதல் நாள் அந்தத் திரியைத்தான் காட்டுகிறாராம். திரையில் அது ஓடிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு ஞாபகம் இருக்கா சார்?”

“எந்தப் பொண்ணும்மா?”

“கேள்வி கேட்டுதே. தேனடை.”

“அதுவா?” சிரித்தார். “அது நம்ம போட்ட ஆளு தானம்மா? பழைய வாத்தியார் மாதிரி. நல்லா எழுதியிருந்தீங்க. அச்சு அசல் மலைப் பொண்ணு பேசற மாதிரியே இருந்துச்சி.”

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அவள் நிஜமான ஆள் என்று அந்தத் திரியைப் படிக்கிற யாருக்கும் தெரிய வைத்திருக்கக் கூடிய ஒரு பதிவு உண்டு. அது வெளியே வரவே இல்லை. இத்தனை வருடம் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம். நாங்கள் எப்போது விட்டாலும், எழுதியவர் எழுதின நாளும் நேரமும்தான் பதிவின் மேலே காட்டும். அதைத் திருத்த எங்களுக்குப் பொத்தான் கிடையாது. வியாழக்கிழமை காலையில் அவள் பிரௌசிங் சென்டர் திறந்ததும் வந்திருக்கிறாள். அவளுடைய கடைசிப் பதிவு ஒன்பதே காலுக்கு என் திரைக்கு வந்தது. எத்தனையோ ஆயிரம் பதிவு பார்த்த எனக்கு, ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான்.

“ஐயா, ரொம்ப நன்றி. நேத்து முழுக்க நானும் அப்பாவும் இங்க கள்ளக்குறிச்சி ஆபீஸ் வாசல்லதான் உக்காந்துகினு இருந்தோம். அதிகாரி வெளிய போயிருக்காருன்னு சொன்னாங்க. எங்க மலைக்குத்தான் போயிருக்காருன்னு எங்களுக்குத் தெரியல. நீங்க திங்கக்கிழமையே எழுதியிருக்கீங்கன்னு மேல காட்டுது. செவ்வாக்கிழமை நான் எல்லாத்தையும் ஒண்ணு விடாம படிச்சேன் ஐயா. அப்ப இது இல்லியே?”

யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். பிறகு நீக்கு என்ற பொத்தானை அழுத்தினேன்.